செந்நாய்களின் பங்கு

காங்கயத்தான் நிமிர்ந்து நடக்கமாட்டான் என்று எங்களை நாங்களே கேலி செய்துகொள்வதுண்டு. அது பணிவினால் வந்த நடையன்று. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் எங்கள் பக்கத்துக் காடுகளில் ஆணும் பெண்ணும் சிறுவரும் தலை குனிந்து நடப்பதைக் காணலாம். காடு என்று நான் சொல்வது மானாவாரி நிலத்தை. கொங்கு நாட்டில் சோளமும் கொள்ளும் விளையும் புன்செய்க்குக் காடு என்றே பெயர். மண்ணை மழை கழுவிச் சென்றபின் வெயில் பட்டு மின்னும் கல் ஏதேனும் கண்ணில் படாதா என்பதே அந்தத் தேடல்.

இத்தேடல் நேற்று இன்று தோன்றியதன்று. காங்கயத்தை அடுத்த படியூரில் கிடைத்த நீலப்பச்சைக் கற்கள் பண்டைக் காலத்திலேயே நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில் பட்டை தீட்டப்பெற்று, மேற்குக் கடற்கரை வழியாக ரோமாபுரி வரை சென்றன என்று ஆராய்ச்சியாளர் கூறுவர். 1819, 1820 ஆகிய ஆண்டுகளில் ஓர் ஆங்கிலேயர் படியூரில் தோண்டி, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கற்களை எடுத்து, ஏறத்தாழ 1,200 பவுனுக்கு மதிப்பிட்டார் என்னும் செய்தி பழைய மாவட்டக் குறிப்புகளில் உள்ளது. அந்த ஆங்கிலேயருக்குப் பின் எத்தனையோ பேர் தோண்டினர். பெரும்பாலோர் கண்டது கிணற்று நீர்தான். அதுவும் எல்லாருக்கும் கிட்டவில்லை.

என் தாய்மாமனும் அப்படித் தோண்டியவர்களுள் ஒருவர். நல்ல மனிதர், கடன் வாங்கியேனும் விருந்து வைப்பவர். தோண்டும் ஆசை ஒன்றைத் தவிர அவரிடம் குறை சொல்ல எனக்கு வேறொன்றும் இல்லை. அவர் உயிரோடிருந்த வரையில் இக்கட்டுரையை நான் எழுதவில்லை. 2023-ஆம் ஆண்டு அவர் காலமானார். இனி எழுதுவதில் யாருக்கும் மனவருத்தம் இல்லை. எழுதாமல் இருப்பதில்தான் எனக்கு வருத்தம்.

1993-ஆம் ஆண்டு மே மாதம். குருமடத்து விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தேன். வயது இருபத்துநான்கு. மாமா ஒரு நாள் மாலை வந்து திண்ணையில் அமர்ந்து, "மாப்பிள்ளை, தேவாலாவுக்கு ஒரு நடை போயிட்டு வரலாமா? அங்கே ஓடையிலே தங்கம் ஓடுதாமா!" என்றார். குருமட மாணவனாகிய நான் கூட இருந்தால் வீட்டில் யாரும் தம்மைத் தடுக்கமாட்டார்கள் என்பது அவருடைய கணக்கு என்று பின்னர் அறிந்தேன். அம்மா எலுமிச்சைச் சோறு கட்டிக் கொடுத்து இருவரையும் அனுப்பி வைத்தார்.

கோவையிலிருந்து சேரன் போக்குவரத்துக் கழகப் பேருந்தில் மேட்டுப்பாளையம், உதகை, நடுவட்டம் வழியாகக் கூடலூரை அடைந்தோம். உதகைக் குளிரை விட்டு நடுவட்டத்துச் சரிவில் இறங்க இறங்க, மலையின் மேற்கு முகம் வேறு நாடு போலத் தோன்றும். மண் சிவக்கிறது, காற்றில் ஈரம் கனக்கிறது, பேச்சில் மலையாளமும் கன்னடமும் கலக்கின்றன. 1877-ஆம் ஆண்டு வரையில் இப்பகுதி மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. நாங்கள் சென்ற காலத்தில் தேவாலா, பந்தலூர்ப் பக்கமெங்கும் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்திருந்தன. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் கீழ் வந்தவர்கள் அவர்கள். அங்குள்ள கத்தோலிக்கப் பங்குகள் பலவற்றில் அவர்களே பெரும்பான்மை. தங்கும் இடமும் சூடான தேநீரும் எங்களுக்கு அவர்களிடமிருந்தே கிடைத்தன.

தேவாலாவின் பொன்னைப் பற்றி இங்கே சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

வயநாட்டு ஓடைகளில் பணியரும் குறும்பரும் நெடுங்காலமாகப் பொன் அரித்து வந்தனர். மரத்தட்டில் மணலை அள்ளி நீரில் சுழற்றிச் சுழற்றிக் கழுவினால், இலேசான மணல் ஓடிவிட, கனத்த கருமணலின் விளிம்பில் மஞ்சள் துகள் நிற்கும். அப்பொன் பெரும்பாலும் அரித்தவருக்குச் சேரவில்லை, நிலத்துக்குடையவருக்கே சென்றது. 1870-களில் காப்பித் தோட்டங்கள் நோயினாலும் நட்டத்தினாலும் தளர்ந்தபோது, தோட்ட முதலாளிகளின் கண்கள் காப்பிச் செடிக்குக் கீழே இருந்த வெண்பாறையின்மேல் விழுந்தன. 1879-ஆம் ஆண்டில், ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத் துறைச் செயலாளராக இருந்த பிரஃப் ஸ்மித் என்பவரை அரசாங்கம் வரவழைத்தது. 1880-இல் வெளிவந்த அவருடைய அறிக்கை நம்பிக்கை நிறைந்ததாக இருந்தது. உடனே இலண்டன் மாநகரில் ஒரு பித்துப் பிடித்தது. ஈராண்டுக் காலத்தில் இந்தியப் பொன் தேடுவதற்கென்று 41 கம்பெனிகள் தோன்றின. அவற்றில் 33 வயநாட்டுக்கென்றே ஏற்பட்டவை. மொத்த முதல் ஏறத்தாழ 50 இலட்சம் பவுன். பந்தலூரில் கடைகளும் மதுக்கூடமும் குதிரைப் பந்தயத் திடலும் முளைத்தன. கல் இடிக்கும் பொறிகள் மலைமேல் இழுத்து வரப்பட்டன.

பொறிகள் ஓடத் தொடங்கியபின் உண்மை வெளிப்பட்டது. ஒரு டன் பாறையை இடித்தால் கிடைத்தது சில கிராம் பொன். காட்டுவதற்கென்று பொறுக்கி எடுத்த கல்லில் இருந்த பொன், மலை முழுவதிலும் இருக்கவில்லை. சில ஆண்டுகளுக்குள் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. 1901-ஆம் ஆண்டில் ஹேடன், ஹாட்ச் என்னும் இரு நிலவியலார் மீண்டும் ஆராய்ந்து, இலாபத்தோடு தோண்டுவதற்கு இடமில்லை என்று எழுதி முடித்தனர். அதே 1880-களில் கோலாரில் பூமி வாய் திறந்து பொன்னை அள்ளிக் கொடுத்தது. அங்கே 2001 வரையில் சுரங்கம் நடந்தது. தேவாலாவில் எஞ்சியவை புதர் மூடிய குழிகளும் துருவேறிய இரும்பும்தான். ஆயினும் ஆசை எஞ்சிற்று. அந்தப் பழங்குழிகளில் இறங்கிக் கள்ளத்தனமாகக் கல் எடுத்து, வீட்டில் இடித்து, பாதரசம் விட்டுப் பொன் பிரிப்பவர்கள் அன்றும் இருந்தனர். மண் சரிந்து மாண்டவர்களும் உண்டு.

தேநீர்க் கடைக்காரர் மாமாவுக்கு இதையெல்லாம் எடுத்துச் சொல்லித் தடுத்துப் பார்த்தார். மாமா கேட்டது ஒன்றே: "ஆள் போகாத ஓடை எதுங்க?"

அவ்வாறுதான், தேவர்சோலைக்கு அப்பால் முதுமலைக் காட்டின் எல்லையை ஒட்டிய ஓர் ஓடைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தோம். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்பது தெரியாமலும் இல்லை. வழி காட்டக் காட்டுநாயக்கர் இனத்துப் பெரியவர் ஒருவர் வந்தார். தேன் எடுப்பதில் கைதேர்ந்தவர். ஒல்லியான உடல், தோளில் ஓர் அரிவாள். உடன் எட்டு வயதுப் பேரன் ஒருவன். அவர்களுடைய குடிசைக்கு அருகே ஓலை வேய்ந்த ஒரு சாய்ப்பில் எங்களுக்கு இடம் கொடுத்தார்கள்.

முதல் நாள் மாமா அடி அகன்ற இரும்புச் சட்டியில் மணலை வாரி வாரிக் கழுவினார். நான் மணல் சுமந்தேன். இரண்டாம் நாள் பிற்பகலில் கோடை மழை கொட்டி, நாங்கள் கொண்டு போன அரிசி பாதி நனைந்தது. உப்புப் பொட்டலம் முழுவதும் கரைந்து போயிற்று. அன்றிரவு உப்பில்லாக் கஞ்சி குடித்தோம். சட்டியின் விளிம்பில் மாமா கண்டதாகச் சொன்ன மஞ்சள் துகள்கள் என் கண்ணுக்கு அகப்படவில்லை. கண்டவருக்கும் அவை ஒரு குன்றிமணி எடை தேறவில்லை.

மூன்றாம் நாள் காலை, பனி விலகாத நேரம். ஓடையின் மேற்புறத்திலிருந்து ஒரு சீழ்க்கை ஒலி கேட்டது. சற்று நேரத்தில் வலப்புறத்திலிருந்து அதற்கு விடை போல மற்றொன்று. மாமா விருட்டென்று எழுந்து சட்டியை நாணற்புதருக்குள் ஒளித்தார். "வாச்சர் வர்றாங்க கண்ணு, சாமான எடு" என்றார். வனக்காவலர் ஒருவரையொருவர் அழைக்கிறார்கள் என்றே நானும் நினைத்தேன். பெரியவர் சிரித்தார். வாயில் விரல் வைத்து எங்களை அமரச் செய்தார்.

அடுத்த கணத்தில் ஒரு புள்ளிமான் பெட்டை புதரைப் பிளந்துகொண்டு வந்து ஓடை மடுவில் பாய்ந்தது. அதன் பின்னே அவை வந்தன. செங்கல்லின் நிறம், வால் மட்டும் கருத்துப் புசுபுசுவென்று தொங்கிற்று. நாட்டு நாயைவிடப் பெரிய உருவமில்லை. எண்ணினேன்: ஏழு. அவை குரைக்கவில்லை, உறுமவில்லை. இரண்டு மடுவின் அக்கரைக்குச் சுற்றிச் சென்றன. மற்றவை இக்கரையில் நின்றன. மான் ஆழமற்ற பக்கமாகக் கரையேற முயன்ற இடத்தில் எல்லாம் ஒன்றாகப் பாய்ந்தன. அதன் பிறகு நடந்ததை விவரிக்க விரும்பவில்லை. செந்நாய் கழுத்தைக் கவ்விக் கொல்லும் விலங்கன்று. காண்பதற்குக் கொடிய காட்சிதான். ஆனால் நான் எண்ணியிருந்ததைவிட அது விரைவில் முடிந்தது.

பெரியவர் சற்றுப் பொறுத்திருந்து எழுந்தார். கைகளைத் தட்டி, "ஹோ, ஹோ" என்று குரல் கொடுத்தபடியே நேராக அவற்றை நோக்கி நடந்தார். ஏழும் தலை நிமிர்ந்து பார்த்தன. பின்பு வேண்டாவெறுப்பாக, ஒவ்வொன்றாக விலகி, முப்பது அடிக்கு அப்பால் போய் நின்றன. பெரியவர் அரிவாளால் ஒரு பின்னங்காலை மட்டும் அறுத்தெடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார். காட்டு மக்கள் செந்நாயின் வேட்டையில் இவ்வாறு பங்கு எடுப்பது நீலகிரிப் பக்கத்தில் பழைய வழக்கம். அன்று எனக்கு அது தெரியாது.

மாமாவுக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை. "முழு மானும் கிடக்குதே" என்றார். பெரியவர் தலையசைத்தார். ஒரு கால் நமக்கு, மற்றது அவற்றுக்கு. எல்லாவற்றையும் எடுத்தால் நாளைக்கு நமக்காக யார் வேட்டையாடுவார்கள் என்னும் பொருள்பட ஏதோ சொன்னார். பிறகு, "குட்டி இருக்கு" என்றார். இந்தச் சொல் தெளிவாகவே என் காதில் விழுந்தது.

மாமா மறுமொழி சொல்லாமல் ஓடையில் இறங்கினார். "மாப்பிள்ளை, பின்னங்காலைப் பிடி" என்றார். ஒரு கால் போக, எஞ்சிய காலை நான் பிடித்தேன். வயிற்றில் மூன்று நாள் பசி இருந்தது உண்மை. ஆனால் பசியால் பிடித்தேன் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. மூன்று நாள் உழைத்து ஒன்றும் கிடைக்காத இடத்தில், கிடைத்தது ஒன்றையாவது விடக்கூடாது என்னும் வெறி என்னையும் பற்றியிருந்தது. இருவருமாக மானை ஒரு கழியில் கட்டித் தூக்கிக்கொண்டு கரையேறினோம்.

நாய்கள் எங்களைத் தொடரவில்லை, பல்லையும் காட்டவில்லை. நின்ற இடத்திலிருந்தே சீழ்க்கை அடித்தன. திருப்பத்தில் நான் திரும்பிப் பார்த்தேன். உண்ணிச்செடிப் புதரிலிருந்து ஐந்து குட்டிகள் வெளிவந்தன. கால் நீண்டு உடல் மெலிந்த, நாலைந்து மாதக் குட்டிகள். அவை மான் கிடந்த இடத்துக்கு ஓடிச் சென்று, அங்கிருந்த கூழாங்கற்களை நக்கின. பெரியவை பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தன.

அன்று கறியைச் சுட்டுத் தின்றோம். உப்பு இல்லை. பெரியவரின் குடிசையில் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். கேட்கும் துணிவு எங்களுக்கு இல்லை. இருவர் எவ்வளவு தின்றுவிட முடியும்? மே மாத வெப்பத்தில் மறுநாள் மாலைக்குள் எஞ்சியது நாறத் தொடங்கிற்று. பள்ளத்தில் எறிந்தோம். அதற்கு மறுநாள் பெரியவர் எங்களோடு ஓடைக்கு வரவில்லை. சண்டையிடவும் இல்லை. உடம்பு சரியில்லை என்று பேரன் வந்து சொன்னான். நாங்கள் கூடலூருக்கு நடந்தோம்.

இனி நான் சொல்லப்போவது என் குற்றத்தின் பெரிய பாதி.

ஊர் திரும்பியதும் மாமா தம் பயணத்தை எல்லாரிடமும் விவரித்தார். பொன்னைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லாததால் நாய்களைப் பற்றிச் சொன்னார். ஏழு செந்நாய்கள் முதலில் பத்தாயின. ஆடி மாதத்திற்குள் பதினேழாயின. அவை எங்களை வளைத்துக்கொண்டன. மாமா சட்டியைத் தட்டி எங்கள் இருவரின் உயிரையும் காத்தார். அருகில் அமர்ந்திருந்த நான் மறுக்கவில்லை. தாய்மாமனைச் சபையில் பொய்யராக்குவது எப்படி என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் 1997-இல் குருப்பட்டம் பெற்றபின், ஞாயிறு மறைக்கல்வி வகுப்பிலும் இளைஞர் முகாம்களிலும் அதே கதையை நானே சொல்லத் தொடங்கியதற்கு எந்தச் சமாதானமும் இல்லை. பிள்ளைகள் மூச்சடக்கிக் கேட்டார்கள். கதை சொல்பவனுக்கு அதைவிடப் பெரிய போதை வேறில்லை. மானைத் தூக்கிச் சென்றதை மட்டும் நான் எங்கும் சொல்லவில்லை.

பத்து ஆண்டுகளுக்கு மேல் அக்கதை ஓடிற்று. அப்போது நான் ஒரு மலையடிவாரப் பங்கில் இருந்தேன், ஊர்ப்பெயர் வேண்டாம். 2011-ஆம் ஆண்டு கோடையில், மாடு மேய்த்துப் பிழைக்கும் பங்கு மக்களில் ஒருவர் ஒரு மாலை என்னைக் காண வந்தார். மலையோரம் மேயவிட்ட அவருடைய கன்று ஒன்றைச் செந்நாய்கள் அடித்துவிட்டன. அவர் மிஞ்சிய உடலில் பூச்சி மருந்தைத் தடவி அங்கேயே போட்டுவிட்டார். மறுநாள் போய்ப் பார்த்தபோது நான்கு செந்நாய்களும், இரண்டு காக்கைகளும், அவருடைய சொந்த நாயும் செத்துக் கிடந்தன. தம் நாய் செத்ததற்காகவே அவர் அழுதார். "இப்படிச் செய்யலாமா ஐயா?" என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன விடை இது: "நீங்கதானுங்க சாமி சொன்னீங்க, மனுஷனையே சுத்தி வளைச்சுதுன்னு. எம் புள்ளைங்க அந்தப் பக்கந்தானுங்க மாடு ஓட்டிட்டுப் போகுது."

நான் தலை குனிந்தேன்.

அதன் பிறகுதான் செந்நாயைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். முப்பது ஆண்டுகள் முன்னதாகவே படித்திருக்கலாம், நூல்கள் இருந்தன. நீலகிரியில் வாழ்ந்த வழக்கறிஞர் டேவிதார் அவர்கள் சீகூர்ப் பக்கத்துச் செந்நாய்களைப் பல ஆண்டுகள் கவனித்து எழுதியுள்ளார். நாங்குநேரியில் பிறந்த அறிஞர் ஜான்சிங் அவர்கள் 1976 முதல் 1978 வரையில் பந்திப்பூர்க் காட்டில் செந்நாய்களைப் பின்தொடர்ந்து முறையாக ஆராய்ந்தார். அவர் 2024-ஆம் ஆண்டு மறைந்தார். இவர்கள் கண்டவை நான் அன்று ஓடைக்கரையில் கண்டவற்றோடு ஒத்திருந்தன, மாமாவின் கதையோடு ஒத்திருக்கவில்லை. செந்நாய் ஏறத்தாழ 12 முதல் 20 கிலோ எடையுள்ள விலங்கு. புதர்க்காட்டில் ஒன்றையொன்று காண முடியாதபோது சீழ்க்கையால் கூட்டம் சேர்கிறது. கூட்டத்தில் பெரும்பாலும் ஒரே பெட்டைதான் குட்டி போடும். மற்றவை அனைத்தும் அக்குட்டிகளை வளர்க்க உழைக்கும். வேட்டையாடிய இறைச்சியை வயிற்றில் சுமந்து வந்து, வளையிலுள்ள குட்டிகளுக்கும் தாய்க்கும் கக்கிக் கொடுக்கும். குட்டிகள் கூட்டத்தோடு நடக்கத் தொடங்கியபின், கொன்ற இரையில் முதலில் வாய் வைப்பவை அவையே. பெரியவை காத்து நிற்கும். காட்டுச் செந்நாய்கள் மனிதனை இரையாகக் கொன்றதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. கன்று காலிகளை அடிப்பதுண்டு. காட்டில் மானும் கடம்பையும் குறையுமிடத்தில் அது மிகும்.

நம் முன்னோர் இவ்விலங்கை நம்மைவிட நன்றாக அறிந்திருந்தனர். சங்கப் பாலைப் பாடல்களில், குட்டி ஈன்று பசித்துக் கிடக்கும் பெட்டைக்காக இரை தேடும் ஆண் செந்நாயை ஒரு புலவர் காட்டியிருக்கிறார். இடையில் வந்த துப்பாக்கிக்காரர்களுக்கு அது வேறாகத் தெரிந்தது. பிரஃப் ஸ்மித் பொன் காண வந்த அதே 1879-ஆம் ஆண்டில்தான் நீலகிரி வேட்டை விலங்குகள், மீன்கள் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. துரைமார் சுடுவதற்கு மான் வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட பாதுகாப்பு அது. மானைத் தின்னும் செந்நாய் அவர்களுக்குப் போட்டியாளன். ஆகவே அதன் தலைக்கு விலை வைத்தார்கள். கொன்று கொண்டுவந்து காட்டியவர்களுக்குப் பரிசு கொடுக்கும் வழக்கம் நாட்டின் பல பகுதிகளிலும் பல பதிற்றாண்டுகள் நீடித்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம்தான் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. மலையில் பொன் இருப்பதாகச் சொன்ன அறிக்கையை இருபது ஆண்டுகளில் திருத்தினார்கள். நாயைப் பற்றிய அறிக்கையைத் திருத்த ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. என் பங்கு மக்களிடையே நான் விட்ட அறிக்கையை எத்தனை ஆண்டுகளில் திருத்துவேனோ அறியேன். அந்த ஞாயிறே பலிபீடத்தருகில் நின்று ஏழு நாய்கள் என்றும், அவை எங்களைத் தொடவில்லை என்றும், திருடியவர்கள் நாங்களே என்றும் சொன்னேன். பெரியோர் முகம் சுளித்தனர். பிள்ளைகளுக்குப் பழைய கதையே பிடித்திருந்தது.

இன்று உலகெங்கும் எஞ்சியுள்ள வளர்ந்த செந்நாய்களில் குட்டி ஈனும் நிலையிலுள்ளவை ஆயிரத்திலிருந்து இரண்டாயிரத்துச் சொச்சம் வரை இருக்கலாம் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2015-இல் மதிப்பிட்டது. நம் மேற்கு மலைத் தொடரில், முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் ஆனைமலையிலும், அவற்றுக்கு இன்னும் இடமிருக்கிறது. ஊர் நாய்களிடமிருந்து பரவும் வெறிநோயும் பிற நோய்களும் இப்போது அவற்றுக்குப் பெரிய ஆபத்து. காட்டோரத்தில் குப்பையைக் கொட்டித் தெருநாய்களைப் பெருக்குவதும் நஞ்சு வைப்பதைப் போன்றதுதான். இதைப் படிக்கும் மலையோரக் குடும்பங்கள் தயவுசெய்து மனத்தில் கொள்ளுங்கள். கன்று அடிபட்டால் வனத்துறையிடம் சொல்லி இழப்பீடு கேளுங்கள். கிடைக்கத் தாமதமாகும், அலைய வேண்டியிருக்கும். அதற்காக விண்ணப்பம் எழுதித் தரும் வேலையை நான் இப்போதும் செய்து வருகிறேன்.

2012-ஆம் ஆண்டு சனவரியில், பெரியவரைக் கண்டு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று தேவர்சோலைக்குச் சென்றேன். முதுமலை 2007-இலேயே புலிகள் காப்பகம் ஆகியிருந்தது. இம்முறை முறைப்படி அனுமதி பெற்றே போனேன். என்னோடு அனுப்பப்பட்ட வேட்டைத் தடுப்புக் காவலர் இருபத்தேழு வயது மதிக்கத்தக்க இளைஞர். பாதி வழியில், இன்ன குடியிருப்பில் இன்ன அடையாளமுள்ள பெரியவர் ஒருவரைத் தெரியுமா என்று கேட்டேன். அவர் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். தாத்தா இறந்து ஆறு ஆண்டுகள் ஆயிற்று என்றார்.

அந்தப் பேரன் அவர்தான்.

நாங்கள் ஓடைக்கரைக்கு வந்துவிட்டிருந்தோம். மடு பாதி தூர்ந்து கிடந்தது. "கீழ்நாட்டுக்காரங்க ரெண்டு பேர் முழு மானையும் எடுத்துட்டுப் போனாங்கன்னு தாத்தா சாகற வரைக்கும் சொல்வாருங்க" என்றார் அவர், ஓடையைப் பார்த்தபடியே. "ஒருத்தர் கொஞ்சம் வயசானவரு. இன்னொருத்தர் கண்ணாடி போட்ட பையன்."

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். பின்னங்காலைப் பிடித்தவன் நான்தான் என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. சிறிது நேரம் கழித்து, "கறி நல்லா இருந்துச்சுங்களா சாமி?" என்று கேட்டார்.

உப்பு இல்லை என்றேன்.